ஒரு சொல்லும் மூன்று வேர்களும்

ஒரு சொல் பல பொருளில் வழங்குவது எல்லா மொழிக்கும் இயல்பே. ஆயின், அப்பொருள்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா, அன்றி வெவ்வேறு வேர்கள் ஓரொலியில் வந்து கூடினவா என்பது ஆராய்ந்தே துணியத்தக்கது. ஆங்கிலேயர் அன்றாடம் வழங்கும் 'கீ' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அதன் வேர்களுள் ஒன்று, அனலைதீவு மக்கள் படகிலிருந்து இறங்கும் ஊர்காவற்றுறை வரை ஓடியிருப்பது நாம் அறியத்தக்கது.

பூட்டைத் திறக்கும் கருவியே 'கீ' என்பதன் முதற்பொருள். யாழ்ப்பாணத்தார் இதனைத் திறப்பு என்பர். இது பழைய ஆங்கிலச் சொல். பிரீசிய மொழியிலன்றி இதற்குத் தெளிவான உறவுச்சொல் வேறில்லை. மூடியதைத் திறப்பது என்னும் கருத்திலிருந்தே வினாத்தாளின் விடைக்குறிப்பு, தேசப்படத்தின் குறிவிளக்கம் ஆகிய பொருள்கள் விரிந்தன. தமிழகத்தார் வழங்கும் 'சாவி'யோ, 'கிளாவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்த போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. சாவியும் கீயும் பொருளால் ஒன்று; பிறப்பால் வேறு.

கப்பல் அணையும் கட்டுத்துறையையும் ஆங்கிலேயர் 'கீ' என்றே ஒலிப்பர். இது பிரெஞ்சு மொழி வழியாக வந்த பழைய கெல்தியச் சொல். ஒரு காலத்தில் திறப்பைப் போலவே எழுதப்பெற்ற இச்சொல், பின்னர்ப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டைத் தழுவியது, ஒலி மாறவில்லை.

கடலில் தாழக் கிடக்கும் சிறு தீவும் 'கீ' எனப்படும். இது கரிபியன் தீவுகளின் பழங்குடியினரான தாயினோ மக்களின் சொல்; இஸ்பானியர் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. புளோரிடாவிலுள்ள ஒரு தீவை இஸ்பானியர் 'எலும்புத் தீவு' எனப் பொருள்படக் 'காயோ உவேசோ' என்றனர். அது ஆங்கிலேயர் செவியில் 'கீ வெஸ்ற்' ஆயிற்று. எலும்பு மேற்காயிற்று!

இம்மூன்றனுள் இரண்டாவது வேரே ஈழத்தை அடைந்தது. பிரெஞ்சுச் சொல்லைப் போர்த்துக்கேயர் 'கைஸ்' என வழங்கினர். ஊர்காவற்றுறையை அவர்கள் 'யானைகளின் இறங்குதுறை' எனப் பொருள்பட அழைத்தனர் என்றும், அதன் எச்சமே ஆங்கிலத்தில் வழங்கும் 'கயிட்ஸ்' என்றும் அறிஞர் கொள்வர். ஒலியை மட்டும் நோக்குவார் இதனைக் கயிற்றோடு தொடுத்துக் கதை புனைதலும் கூடும்.

போர்த்துக்கேயர் வருமுன்னரே இத்துறை யானை வாணிகத்தை அறிந்திருந்தது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, 'ஊராத்துறை'க்கு வரும் பரதேசிகள் பாதுகாக்கப்படவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் ஆகும். பிற சரக்கு ஏற்றிய கலமாயின் இருவருக்கும் செம்பாதி. இத்துறையின் பெயர் இன்று ஊரைக் காக்கும் துறை எனப் பொருள்படுகிறது. கல்வெட்டிலுள்ள பெயரிலோ காவலைக் குறிக்கும் சொல்லே இல்லை. ஆங்கிலேயர் செவி எலும்பை மேற்காக்கியது போல, நம்மவர் செவியும் பழம்பெயருக்குப் புதுப்பொருள் தந்திருக்கலாம்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரப் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று; அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. றோட்டே ஆற்றின் அணை என்பது அப்பெயரின் பொருள். ஆறே இல்லாத தீவுக்கு ஆற்றணையின் பெயர்! டெல்ப்ட் என்பது ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. றொட்டர்டாமோ பழைய ஏடுகளோடும் படங்களோடும் நின்றுவிட்டது. அனலைதீவு மக்கள் நாவில் அனலைதீவு அனலைதீவாகவே நிலைத்தது.

ஒலியொப்புமை ஒன்றையே பற்றி, உலகச் சொற்களுக்கெல்லாம் தமிழ் வேர் காட்ட முனைவதும், தமிழ்ச் சொற்களைப் பிறமொழிக்கு உரித்தாக்குவதும் ஒரே பிழையின் இருமுகங்களாம். ஒரு சொல் எத்துறையில் ஏறி, எவர் நாவில் ஊர்ந்து, எத்துறையில் இறங்கியது என்பதைக் கல்லும் ஏடும் கொண்டு காண்பதே நெறி. அவ்வாறு காணின், உடைந்த கலத்துக்கும் நீதி வகுத்த ஒரு துறையின் வரலாறு புலனாகும். புனைந்த பெருமையினும் அறிந்த உண்மையே இத்தீவகத்துக்குப் பெருமை தருவதாகும்.