அறிவியல் புனைவுத் தொடர்களில் பதின்பருவமும் பெற்றோரும்: கொங்கு வாழ்வை உரைகல்லாகக் கொண்ட ஒரு மதிப்பீடு

தமிழில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுத் தொடர்களின் மையத்தில் பதின்பருவத்தவரைக் காண்பது அரிது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டிய எதிர்காலத்தை அது கற்பனை செய்தது. நிலா என்ற இளம் மனைவியும் ஜீனோ என்ற எந்திர நாயும் ஜீவா என்ற சர்வாதிகாரியும் அதன் முதன்மைப் பாத்திரங்கள். வளர்ந்த பிள்ளை பெற்றோரை எதிர்த்துப் பேசும் தருணம் எதுவும் அதன் மையத்தில் இல்லை. 2020இல் வந்த 'டைம் என்ன பாஸ்' வெவ்வேறு காலத்து மனிதர்களை ஒரே வீட்டில் கூட்டியது; அவர்கள் வயது வந்தவர்கள். 2023இல் வந்த 'தி வில்லேஜ்' காணாமல்போன மனைவியையும் மகளையும் தேடும் ஒரு தந்தையின் கதை. அதன் முனைப்பு மீட்பில் இருக்கிறதே அன்றி, தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான உறவில் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் இந்த இடத்தை அயல்நாட்டுத் தொடர்களே நிரப்புகின்றன. எனவே அவற்றின் நம்பகத்தன்மையை அந்த வீடுகளின் வாழ்வோடு உரசிப் பார்ப்பது பொருத்தமானது.

கொங்குப் பகுதியில் பிள்ளையின் பதினாறாம் வயது பெற்றோரின் பண முதலீட்டோடு நெருங்கிப் பிணைந்தது. விசைத்தறி, பனியன் கம்பெனி, பட்டறை, கோழிப்பண்ணை என்று உழைத்துச் சேர்த்த பணம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளுக்குக் கட்டணமாகப் போயிற்று. அவற்றில் பிளஸ் ஒன் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாநில அளவில் முதலிடம் பிடித்தோர் பட்டியலை வெளியிடும் வழக்கமும் 2017இல் நிறுத்தப்பட்டது; அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமானதால் கட்-ஆஃப் பற்றிய கவலை பயிற்சி மையங்களுக்கு இடம்பெயர்ந்தது. இங்கே பெற்றோரின் அன்பு கண்காணிப்பாகவும் கடனாகவும் வடிவெடுக்கிறது. அந்த அன்பு பொய்யானதன்று. பொய்யில்லாததாலேயே பிள்ளையால் அதை எளிதில் எதிர்க்க முடிவதில்லை.

இந்தப் பின்னணியில் 'பிளாக் மிரர்' தொடரில் ஜோடி ஃபாஸ்டர் இயக்கி 2017இல் வெளிவந்த 'ஆர்க்ஏஞ்சல்' என்ற பகுதி மிகுந்த நம்பகத்தன்மை பெறுகிறது. சிறுவயதில் சற்று நேரம் காணாமல்போன மகளின் தலையில் தாய் ஒரு கருவியைப் பொருத்தச் செய்கிறாள். மகள் காண்பதை எல்லாம் கைக்கணினியில் அவளால் பார்க்க முடிகிறது. அச்சம் தரும் காட்சிகளை மகளின் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கவும் முடிகிறது. பிறகு கருவியை அணைத்துப் பரணில் போட்டாலும், மகள் பதினைந்து வயதில் ஓர் இரவு வீடு திரும்பாதபோது தாயின் கை அதைத் தேடிப் போகிறது. பள்ளி வாகனம் எந்தத் தெருவில் வருகிறது என்று கைபேசியில் பார்க்கும் பெற்றோருக்கு இந்தக் கருவி அந்நியமானதன்று. கதை தாயைக் கொடியவளாக்கவில்லை. அவளது பயத்துக்கு நியாயம் வழங்கிவிட்டு, அந்தப் பயம் எதை அழிக்கிறது என்று காட்டுகிறது. மகள் அதே கைக்கணினியால் தாயை அடிக்கும் முடிவு மட்டும் கொங்கு வீட்டுக்கு ஒட்டாது. இங்கே எதிர்ப்பு பெரும்பாலும் மௌனமாக வரும்: விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தும் பேசாத பிள்ளை, சாப்பிடாமல் எழும் பிள்ளை.

1983ஆம் ஆண்டு அமெரிக்கச் சிற்றூரில் தொடங்கும் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தமிழ்க் குரலிலும் கிடைக்கிறது. மிதிவண்டியில் இருட்டிய பிறகும் ஊர் சுற்றும் அதன் சிறுவர்கள், டியூஷனுக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் கோவைப் பிள்ளைகளுக்கு ஏக்கம் தரலாம். தங்களைப் போன்றவர்களாகத் தோன்ற வாய்ப்பில்லை. பெரியவர்களில் கடையில் வேலை செய்து இரு மகன்களை வளர்க்கும் ஜாய்ஸ் தனித்து நிற்கிறாள். அவளுக்கு முன்பணம் கேட்க ஒரு முதலாளி இருக்கிறார். காணாமல்போன இளைய மகனைத் தேடும் தவிப்பும் கையில் காசில்லாத தவிப்பும் ஒன்றாக வருவதால் மறுவுலகிலிருந்து வரும் அரக்கனும் நம்பக்கூடியதாகிறது. ஆய்வகத்திலிருந்து தப்பிய எலெவன் என்ற சிறுமியை வனக் குடிலில் ஒளித்து வைத்து விதிமேல் விதி போடும் காவல்துறைத் தலைவர் ஹாப்பரும் அப்படித்தான்: காப்பாற்றுவதற்கும் அடைத்து வைப்பதற்கும் இடையிலான கோடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தமிழ்க் குரலாக்கத்தில் ஓர் இழப்பும் உண்டு. கொங்கு வீடுகளில் சண்டையின்போதும் பேச்சில் மரியாதை முற்றிலும் விலகுவதில்லை. எந்த வட்டாரத்துக்கும் உரியதல்லாத குரலாக்கத் தமிழில் அந்த நுட்பம் இல்லை.

ஜெர்மானியத் தொடரான 'டார்க்' (2017-2020) இம்மூன்றிலும் ஆழமானது. விண்டன் என்ற ஊரில் 2019இன் பெற்றோரை 1986இன் பதின்பருவத்தவராகவும் அது காட்டுகிறது. மகன் எதிர்கொள்ளும் கடுமையான தாய் ஒரு காலத்தில் அவன் வயதில் என்னவாக இருந்தாள் என்பதைப் பார்வையாளர் கண்ணெதிரே காண்கிறார். காலப்பயணம் என்ற கருவியால் மட்டுமே இயலும் குடும்ப ஆய்வு இது. நினைவோட்டக் காட்சி கடந்த காலத்தைச் சொல்லும். காலப்பயணமோ பிள்ளையை அதற்குள் அனுப்பி, பெற்றோரைச் சமவயதினராகச் சந்திக்க வைக்கும்.

கொங்கு நாட்டில் இந்த வடிவத்துக்கான பொருள் நிறையவே உள்ளது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகிய 1980களில் பதினாறு வயதைக் கடந்த பலருக்குப் படிப்பு பாதியில் நின்று கம்பெனி வேலை தொடங்கியது. பின்னர் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், திருமணச் செலவுக்கான மொத்தத் தொகையை எதிர்நோக்கி, பதின்பருவப் பெண்கள் மேற்கு மாவட்ட நூற்பாலை விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி உழைத்தனர். வெளியே செல்லவும் வீட்டோடு பேசவும் அங்கே கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரே வட்டாரத்தில், மகளை மதிப்பெண்ணுக்காக விடுதிக்கு அனுப்பிய பெற்றோரும் சீர் சேர்க்க விடுதிக்கு அனுப்பிய பெற்றோரும் இருந்திருக்கிறார்கள். ஆலை விடுதியில் இளமையைக் கழித்த தாயை, பள்ளி விடுதியிலிருந்து வரும் மகள் அந்தத் தாயின் பதினாறாம் வயதில் சந்திக்கும் ஒரு தொடர், இயந்திர விளக்கம் எதுவும் இல்லாமலேயே இப்பகுதிப் பார்வையாளருக்கு நம்பகமாக இருக்கும். அந்தக் கதைக்கு வேண்டிய கடன், கூலி, கட்டணம், கெடுபிடி ஆகிய யாவும் இங்குள்ள வீடுகளின் கணக்கில் ஏற்கெனவே இருக்கின்றன.