வெறுஞ்சாக்கின் சரித்திரம்

மதுரையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை, திருமங்கலத்தை அடைவதற்குச் சற்று முன்னால் கப்பலூர்ச் சிட்கோ தொழிற்பேட்டையைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. ஒரு நாள் காலையில் வேறு ஏதோ காரியமாக அந்தப் பேட்டையில் நின்றுகொண்டிருந்தபோது, ஆலைக் கழிவை ஏற்ற வந்த லாரி ஒன்றைப் பார்த்தேன். தளம் ஏறக்குறையக் காலி. முன்பக்கத்து மூலையில் மட்டும், களைத்த ஆள் ஒருவன் சாய்ந்துகொள்ளக்கூடிய பருமனில், மடித்துக் கயிறு போட்ட வெள்ளைப் பைகளின் கட்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் உண்மையாகவே ஓர் ஆள் சாய்ந்து உறங்கிக்கொண்டும் இருந்தான். மாலையில் நான் ஊர் திரும்பும் நேரத்தில் அதே லாரி எதிர்ப்பட்டது. காலையில் தலையணையாயிருந்த கட்டு, இப்போது மார்பளவு உயரமுள்ள பைகளாக நிமிர்ந்து, தளம் முழுவதையும் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றது. உறங்கினவனுக்கு உட்கார இடமில்லை. ஓட்டுநர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டிருந்தான்.

கழிவு என்பது தன் பிரயாணச் செலவைத் தானே கொடுக்க வக்கில்லாத சரக்கு. அரிசி ஏற்றுகிறவன் கூலியை அரிசியின் கிரயத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கழிவை ஏற்றுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் பெரும்பாலும் கிடையாது. அதிலும், பாத்திரம் ஆலைக்கு வெறுமையாகப் போய் நிறைந்து திரும்பவேண்டியிருப்பதால், பாதி வழி அவன் காற்றைத்தான் சுமக்கிறான். வெறுமையாக இருக்கும்போது ஒடுங்கவும், நிறைந்திருக்கும்போது அடுக்குக்கு அடங்கவும் வேண்டும் என்ற இரட்டை நிபந்தனை இந்தத் தொழிலில் இப்படித்தான் பிறக்கிறது. பெட்டி அடுக்குக்கு அடங்கும், ஒடுங்காது. துணி ஒடுங்கும், நிற்காது. நம் பனையோலைக் கடகம் ஒரு நடுவழி கண்டது: வெறுங்கடகங்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, பத்துக் கடகத்தை ஒரு கடகத்தின் இடத்தில் தலையில் வைத்துக்கொண்டு போகலாம்; ஆனால் நிறைந்த கடகத்தின்மேல் இன்னொரு நிறைகடகத்தை ஏற்றினால் அடியிலுள்ளது வாய் பிளந்துவிடும். இரண்டு குணங்களும் ஒருசேர வாய்த்த பழைய சாதனம் சாக்கு ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாக்கு என்ற சொல் கடல் கடந்து வந்தது. கோணி அதற்கு முந்தியது. வடமொழியில் கோணீ என்று வழங்கும் அச்சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'கன்னி' என்று திரித்துத் தம் வியாபாரக் கணக்குகளில் ஏற்றிக்கொண்டனர். வண்டித்தடம் அரிதாயிருந்த நாட்களில் பொதிமாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கிய பை அது. கடற்கரை உப்பு உள்நாட்டுக்கும் உள்நாட்டுத் தானியம் கடற்கரைக்கும் அதில்தான் நடந்தன. சுமையை இறக்கிய பிறகு கோணியை மடித்து மாட்டின் முதுகிலேயே போட்டுக்கொண்டு திரும்புவதில் யாருக்கும் சிரமம் இல்லை. இக்கோணிகள் சணப்பு நாரால் ஆனவை. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு, சணப்பு நாரில் கோணி செய்ததனாலேயே சனப்பர் என்று பெயர் பெற்ற ஒரு வகுப்பாரையும், தமிழில் அவர்கள் சலுப்பச் செட்டிகள் என்று வழங்கப்படுவதையும் குறிப்பிடுகிறது. ஒரு பையைச் செய்யும் நாரின் பெயரால் ஒரு வகுப்பே அறியப்படவேண்டுமானால், அந்தப் பைக்கு ஒரு காலத்தில் எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் வட்டாரத்துக்குச் சாக்கு விசேஷமாக வேண்டியிருந்ததற்குக் காரணம் அதன் மண். குண்டாற்றங்கரையிலிருந்து தெற்கே விருதுநகர், சாத்தூர் வரை விரியும் கரிசல், பருத்திக்கென்றே படைக்கப்பட்டது போன்றது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிடும். பருத்தியோ, எடையில் சொற்பமும் இடத்தில் ஏராளமுமான பொருள். எடுத்த பருத்தியைச் சாதாரணமாக அள்ளிப் போட்டால் ஒரு சாக்கு நாலு கை பருத்தியோடு நிறைந்துவிட்டதாகப் பாசாங்கு செய்யும். அதனால் பெரிய சாக்கை உத்தரத்திலிருந்து வாய் திறந்தபடி தொங்கவிட்டு, உள்ளே ஒரு பையனை இறக்கி, மேலிருந்து பருத்தியைக் கொட்டக் கொட்ட அவனை மிதிக்கச் சொல்வார்கள். முதலில் பையன் கண்ணுக்கே தெரியமாட்டான். சாக்கு மட்டும் அங்குமிங்கும் துள்ளிக்கொண்டிருக்கும். பிறகு பஞ்சு ஒட்டிய தலைமயிர் தெரியும், பிறகு தோள், பிறகு இடுப்பு. அவன் முழுதாக வெளியே வந்து நின்றுவிட்டால் சாக்கு நிறைந்தது என்று கணக்கு. தைப்பதற்குக் கோணி ஊசியும் சணல் நூலும் காத்திருக்கும். வாயின் இரு மூலைகளிலும் ஒவ்வொரு பிடி சரக்கைத் திரட்டிக் கட்டிக் 'காது' வைப்பார்கள், தூக்குகிறவன் கைக்குப் பிடி வேண்டுமே என்று.

1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. திருமங்கலத்துக்கும் நிலையம் வந்தது. 1892-ல் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே இயங்கத் தொடங்கிற்று. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் அவர்கள் அதற்கு முன்பே ஆலை வைத்திருந்தார்கள். தொழிற்சங்க சரித்திரத்தில் ஹார்வி மில்லுக்கு உள்ள இடமும், 1918-ல் ஜார்ஜ் ஜோசப் அங்கே தொழிலாளரைத் திரட்டியதும் எல்லோரும் அறிந்தவை. நான் சொல்ல வந்தது அதன் பின்வாசலைப் பற்றி.

நூற்பாலை என்பது நூல் செய்கிற இடம் என்று நாம் நினைக்கிறோம். அது அதே அளவு கவனத்துடன் கழிவும் செய்கிற இடம். 170 கிலோ பஞ்சு பேலைப் பிரித்து யந்திரத்தில் அடித்துத் தூசு தட்டும்போதே, விதையின் தொலியும் இலைத்தூளும் மணலும் கம்பிகளின் இடுக்கு வழியே கீழே விழுந்து குவிகின்றன. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் குட்டை இழைகள் யந்திரத்தின் பற்களில் சிக்கி மெல்லிய பட்டையாக உரிந்து வருகின்றன. உயர்ந்த ரக நூலுக்காகச் சீவும்போது நூற்றுக்கு 12 முதல் 18 பங்கு வரையில் குறுநாராகக் கழிகிறது. இவற்றுக்கு அப்பால் அறுந்த நூல், தரையைக் கூட்டின குப்பை. வெளியார் கண்ணுக்கு எல்லாம் அழுக்குப் பஞ்சுதான். கழிவு வாங்குகிறவனுக்கோ ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு விலை. சீவிய குறுநார் மறுபடி நூலாகும். கார்டிங் பட்டை மெத்தைக்குப் போகும். அறுந்த நூல் யந்திரம் துடைக்கப் பட்டறைகளுக்குப் போகும். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கடைசி ரகத்தின் விலைதான். ஆகவே ஆலைக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய குப்பைத்தொட்டியன்று. தனித்தனியாகப் பிரித்து வைக்கப் பல பாத்திரங்கள், வேலையில்லாத வேளையில் வேஸ்ட் கோடவுனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாத பாத்திரங்கள். அதற்குப் பழைய சாக்கைவிடப் பொருத்தமானது அகப்படவில்லை. இரும்புத் தொட்டி காலியாக இருந்தாலும் இடம் கேட்கும். சாக்கு ஆணியில் தொங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

இடையில் ஒன்று. பருத்தி அரைவை ஆலையில் பஞ்சு பிரிந்தபின் மிஞ்சுகிற விதை, நூற்பாலைக்காரனுக்குக் கழிவு, மாடு வைத்திருப்பவனுக்குத் தீவனம், மதுரைக்காரருக்கோ பருத்திப்பால். விதையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துத் தெருமுனையில் விற்கும் அந்தப் பானத்தைக் குடிக்கும் எவனும் ஓர் ஆலைக் கழிவைக் குடிக்கிறோம் என்று நினைப்பதில்லை. எது கழிவு என்பதைச் சாக்கு யாருடைய வாசலில் இறங்குகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆலைகள் வந்த காலத்தில் சணப்புக் கோணியின் இடத்தைச் சணல் சாக்கு பிடித்துக்கொண்டிருந்தது. வங்காளத்துச் சணலை 1830-களில் ஸ்காத்லாந்தின் டண்டீ நகரத்தார் திமிங்கில எண்ணெயால் பதப்படுத்தி யந்திரத்தில் நூற்கக் கற்றுக்கொண்டனர். கிரிமியப் போரில் ருஷ்ய நார் வராமற்போனது அவர்களுக்கு யோகமாயிற்று. 1855-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை ஏற்பட்டது. பிறகு ஹூக்ளிக் கரையின் ஆலைகள் டண்டீயையே பின்னுக்குத் தள்ளிவிட்டன. 1947-ல் தேசம் பிரிந்தபோது ஆலைகள் இந்தப் பக்கமும் நல்ல சணல் விளையும் பூமி பெரும்பாலும் அந்தப் பக்கமும் போய், அந்தத் தொழில் பட்ட பாடு தனிக் கதை.

இந்தச் சாக்கின் சாமர்த்தியத்தை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். தானியக் கொள்முதலுக்கு அனுப்பும் புதுச்சாக்குக் கட்டு ஒன்றில் 500 சாக்குகள். சாக்கு ஒன்றுக்கு எடை 580 கிராம். ஆக, கட்டு 290 கிலோ. இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருட்டிவிடக்கூடிய அந்தக் கட்டைப் பிரித்து, சாக்குக்கு 50 கிலோ அரிசி வீதம் நிரப்பினால் 25 டன். அந்த 500 மூட்டைகளையும் ஒரு வரிசை நெடுக்கும் மறுவரிசை குறுக்குமாக அட்டி போட்டால், கூரையைத் தொடும்வரை அசையாமல் நிற்கும். சணலின் சொரசொரப்பு ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கிறது. சுமைதூக்குவோர் கொக்கியைக் குத்தி இழுத்தாலும் இழைகள் விலகி வழிவிட்டு, கொக்கியை எடுத்ததும் திரும்பக் கூடிக்கொள்கின்றன. அதே கொக்கியைப் பிளாஸ்டிக் சாக்கில் குத்தினால் கிழிசல் அடிவரை ஓடும். அட்டியும் வழுக்கிச் சரியும். 1987-ல் தானியத்துக்கும் சர்க்கரைக்கும் சணல் சாக்கைக் கட்டாயமாக்கச் சட்டம் செய்யவேண்டியிருந்தது என்பதிலிருந்தே, இத்தனை குணங்களும் விலையின் முன்னால் நிற்கவில்லை என்பது புலப்படும். சிமெண்டும் உரமும் நாளடைவில் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டன.

புதுச்சாக்கு கழிவைத் தொடுவதில்லை. சர்க்கரையோ அரிசியோ சுமந்து பிறக்கும் சாக்கு, பழைய சாக்குக் கடைக்கு வந்து, உதறப்பட்டு, கிழிசல் தைக்கப்பட்டு, அடுத்த ஜன்மத்தில் நிலக்கடலை சுமக்கும். மறுபடி கடைக்கு வந்து மூன்றாவதில் கழிவுப் பஞ்சு. அதற்கும் உதவாத நிலையில் நாலைந்து சேர்த்துத் தைக்கப்பட்டுப் படுதாவாகி, டீக்கடையின் வெயில் பக்கத்தில் தொங்கும். சாக்குக் கடையில் வேலை செய்யும் பெண்கள், சாக்கை வெளிச்சத்துக்கு நேரே ஒரு வீச்சு விரித்துப் பார்த்தே அது எத்தனையாவது ஜன்மத்தில் இருக்கிறது என்று சொல்லி, அந்தந்தக் குவியலில் எறிவதை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சாக்கையும் அவர்கள் இரண்டாம் முறை திருப்பிப் பார்த்ததில்லை.

சாக்கு தோற்ற இடம் எண்ணெய். யந்திரம் துடைத்த பஞ்சைச் சாக்கில் திணித்து மூலையில் போட்டுவைத்தால், எண்ணெய் காற்றோடு கலந்து உள்ளேயே சூடேறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்வது உண்டு. பட்டறைகளில் அதற்கென்று மூடியுள்ள இரும்புத் தொட்டி வைத்தார்கள். பிறகு சாயமும் அமிலமும் வண்ணக் கசடும் கழிவுகளாக வந்தபோது 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் வந்தது. பீப்பாய் ஒழுகாது, நன்றாக அடுக்கலாம், ஆனால் ஒடுங்காது. நிறைந்த பீப்பாய்க்கும் வெறும் பீப்பாய்க்கும் லாரி ஒரே இடத்தைக் கொடுக்கவேண்டியதாயிற்று. 1989-ல் அபாயகரமான கழிவுகளுக்கு மத்திய அரசின் விதிகள் ஏற்பட்டன. பின்னர் வந்த விதிகள் அவற்றை ஆலைக்குள் 90 நாட்களுக்கு மேல் பொதுவாக வைத்திருக்கலாகாது என்றன. அடிக்கடி அப்புறப்படுத்த வேண்டுமென்றால், வெறும் பீப்பாய்கள் அடிக்கடி வரவும் வேண்டும் என்றுதானே பொருள்?

பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 1954-ல் இத்தாலியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை நாடாவாக இழுத்து நெய்து, உள்ளே ஒழுகாத உறையொன்று வைத்து, நான்கு மூலையிலும் வளையம் தைத்ததுதான் இன்று ஜம்போ பை என்று வழங்குவது. தன் எடை இரண்டு மூன்று கிலோ. ரகத்துக்குத் தக்கபடி 500 முதல் 2,000 கிலோ வரை ஏற்கும். டன் கணக்கில் சுமப்பதால் பரீட்சையும் கடுமை: 1,000 கிலோ சுமக்கவேண்டிய பை 5,000 கிலோவைத் தாங்கிக் காட்டவேண்டும், மறுபடி மறுபடி உபயோகிப்பதாயின் 6,000. நான்கு வளையங்களையும் ஃபோர்க்லிஃப்டின் கம்பிகளில் மாட்டித் தூக்குகிறார்கள். பையன் மிதித்த சாக்குக்குத் தைத்தவர் வைத்த காது இரண்டு, இதற்கு நான்கு.

கப்பலூரில் அன்று மாலை எதிர்ப்பட்ட லாரியை மறுவாரமும் அதே பேட்டையில் கண்டேன். அப்போதுதான் பைகள் காலியாகத் திரும்பி வந்திருந்தன. அன்று காலையில் உறங்கினவன் ஒவ்வொரு பையையும் தரையில் விரித்து, உள்ளிருந்த காற்றை முழங்காலால் அழுத்தி வெளியேற்றி, வளையங்களை உட்புறமாக மடக்கி, மூன்றாக மடித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பையை மட்டும் மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். அடிப்பகுதி நைந்துவிட்டது, இனி ஏற்றமாட்டார்கள், வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேலே போடலாம் என்றான்.