வெள்ளெழுத்தும் வல்லத்துக் கல்லும்

சென்ற தவணையில் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கட்டுரை ஏட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அந்த ஏட்டில் ஏழு இடங்களில் 'புள்ளி இல்லை' என்று சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்குரிய மதிப்பெண்ணையும் குறைத்திருந்தேன். அவள் ஏட்டை என் முகத்தருகே நீட்டி, "புள்ளி இருக்கு, சார்" என்றாள். அருகே வர வர எழுத்துகள் கரைந்தன. பிறகு அவளே ஏட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். ஏழு இடங்களிலும் புள்ளி இருந்தது. சிறிய புள்ளிதான், ஆனால் இருந்தது.

மதிப்பெண்ணைத் திருத்தி, அவளிடம் வருத்தமும் தெரிவித்தேன். உண்மையில் ஓராண்டாகவே எனக்குத் தெரியும். விளக்கொளி போதவில்லை, அச்சு சரியில்லை, மாணவர்கள் வெளிறிய பேனாவால் எழுதுகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை எத்தனை மாணவர்களின் புள்ளிகளைத் தின்றேனோ! அன்று மாலையே ஆங் மோ கியோ நடுவத்தில் உள்ள ஒரு கடையில் ஒன்றரை பவர் கொண்ட வாசிப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். விலை, இருவர் உணவங்காடியில் வயிறார உண்ணும் செலவுதான். வீடு திரும்பும் வழியில் நூலகத்தில் நுழைந்து, தமிழ் அடுக்கிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பிரித்தேன். ஒவ்வொரு புள்ளியும் கடுகு போல் தனித்து நின்றது.

அன்றிலிருந்து இந்தக் கண்ணாடியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றுள் சிலவற்றை இங்கே பதிகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாற்பதை ஒட்டி வரும் இக்குறைக்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்று பெயர். கறுப்பாகத் தெரிய வேண்டிய எழுத்து வெளிறித் தெரிவதால் வந்த பெயர். நோயின் பெயரிலேயே எழுத்து இருப்பதைக் கவனியுங்கள். நெல் அறுப்பவருக்கு இக்குறை பெரிதாகத் தெரியாது. படிப்பவருக்குத்தான் முதலில் தெரியும். இன்னொரு பெயர் 'சாளேசுரம்'. பேச்சில் சாளேஸ்வரம் என்பார்கள். ஏதோ ஊர்க்கோயில் இறைவன் பெயர் போல ஒலித்தாலும், இதற்கும் ஈசுவரனுக்கும் தொடர்பில்லை. மராத்தியில் 'சாளீஸ்' என்றால் நாற்பது. 'சாளிசி' என்றால் நாற்பதில் வரும் பார்வைக் குறை. அதற்கு அணியும் கண்ணாடிக்கும் அங்கே அதே பெயர்தான். தஞ்சையை மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்டனர். இந்தச் சொல் தஞ்சை வழியாகவே நம்மிடம் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்குக் காரணம் பின்னால் வருகிறது.

கண்ணுக்குள் நிகழ்வது எளிய செய்திதான். விழிக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கையில் தடித்தும், தொலைவில் பார்க்கையில் மெலிந்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகுகிறது. பத்து வயதுப் பிள்ளை ஏழு செண்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காணும். நாற்பதில் இருபது செண்டிமீட்டருக்கு மேல் தேவை; ஐம்பதைத் தாண்டினால் கை எட்டும் தொலைவும் போதாமல் போகும். இதற்குத் தப்பியவர் எவருமில்லை.

அப்படியானால், கண்ணாடி வருமுன் நம் புலவர்கள் என்ன செய்தார்கள்? நாற்பத்தைந்தில் ஏட்டை மூடிவிட்டார்களா? ஓலைச்சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இக்கேள்வியின் கனம் புரியும். ஒன்றரை அங்குல அகல ஓலையில் எட்டு, பத்து வரிகள். எழுத்தாணியால் கீறிய கோடுகள். கரி பூசித் துடைத்தால்தான் அவை கண்ணுக்குத் துலங்கும். மேலும், ஓலை பொத்துவிடும் என்று ஏடு எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் அதைக் காண்பது அரிது. படிப்பவர் தம் தமிழறிவைக் கொண்டு புள்ளியை மனத்தால் இட்டுக்கொள்ள வேண்டும். என் கண் அந்த மாணவியின் ஏட்டை ஓலைச்சுவடியாக்கிவிட்டது என்று பிறகு எண்ணிச் சிரித்தேன். முதுபுலவர்கள் பெரும்பாலும் நினைவிலிருந்து பாடம் சொல்ல, இளம் மாணவர் ஏட்டைப் பிடித்துப் படிக்கும் வழக்கம் நம் கல்வியில் இருந்தது. அதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். வெள்ளெழுத்தும் அவற்றுள் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

மூக்குக் கண்ணாடி 1280களில் இத்தாலியில் தோன்றியது. 1306-இல் புளோரன்சு நகரில் மறையுரை ஆற்றிய துறவி ஒருவர், இக்கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். கண்டுபிடித்தவரின் பெயர் நிலைக்கவில்லை. தென்னிந்தியாவில் இதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயர் போற்றிய மாத்துவத் துறவி வியாசதீர்த்தரைப் பற்றியது. சோமநாதர் என்னும் கவிஞர் வடமொழியில் எழுதிய 'வியாசயோகி சரிதம்', அவர் முதுமையில் கண்ணாடியின் துணைகொண்டு ஏடு படித்ததைச் சொல்கிறது. வியாசதீர்த்தர் மறைந்தது 1539-இல். போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510-இல். கண்ணாடி அவர்கள் வழியே வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுவதில் வியப்பில்லை. அரசகுருவுக்குக் கிடைத்தது ஊர்த் திண்ணை வாத்தியாருக்குக் கிடைத்திருக்காது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இனி வல்லத்துக்கு வருகிறேன். தஞ்சையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில், ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் வல்லம். காவிரிக் கழனிகளின் ஓரத்தில் மேடாக எழுந்த செம்மண் நிலம். ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்ட ஆட்சியர் தங்கியிருந்த ஊரும் அதுவே. அந்த மேட்டு நிலத்தில் படிகக் கூழாங்கற்கள் கிடைத்தன. வெளியே சொரசொரப்பாக, உப்புக்கல் போல மங்கி இருக்கும். உடைத்து மெருகேற்றினால் உள்ளே தண்ணீர் போலத் தெளிவு. 'வல்லத்துக் கல்' என்றும், வெள்ளைக்காரர் வழக்கில் 'வல்லம் வைரம்' என்றும் பெயர் பெற்றது. தஞ்சைக் கைவினைஞர் இந்தக் கல்லிலிருந்து மூக்குக் கண்ணாடி வில்லைகள் செய்தனர்.

படிகம் சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானது. எளிதில் கீறல் விழாது. அப்படிப்பட்ட கல்லைத் தகடாக அறுத்து, வளைவாகத் தேய்த்து வில்லையாக்க அதைவிடக் கடினமான ஒன்று தேவை. அதுதான் குருந்தக்கல். ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது என்று அகராதிகள் கூறுகின்றன. குருந்தத் தூளை நீரில் குழைத்துக் கையால் அரைத்து அரைத்து ஒரு கல்லை வில்லையாக்கிய அந்தக் கைவினைஞர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் நாற்பது வயது வந்திருக்கும் அல்லவா? தாம் செய்த கண்ணாடியைத் தாமே போட்டுக்கொண்டு அடுத்ததைச் செய்திருப்பார்கள்.

கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது தஞ்சைப் பகுதியில் இன்றும் முதியோர் சொல்வது. இதில் பாதி உண்மை. படிகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் தொட்டால் குளிரும். ஆனால் அந்தக் குளிர்ச்சியால் கண்ணுக்கு எந்த மருத்துவப் பயனும் இல்லை. சொல்லப்போனால், சாதாரணக் கண்ணாடி தடுக்கும் புற ஊதாக் கதிர்களையும் படிகம் உள்ளே விட்டுவிடும். பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்லின் உண்மையான சிறப்பு வேறு. நல்ல கண்ணாடிக் கட்டி கடல் கடந்து வர வேண்டியிருந்த காலத்தில், வல்லத்துக் கல் காலடியில் கிடைத்தது. கீறாமல் ஓர் ஆயுள் முழுதும் உழைத்தது.

கண்ணைப் பற்றிய அக்கறை தஞ்சைக்குப் புதிதன்று. இரண்டாம் சரபோசி மன்னர் (1777–1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவமனையை நடத்தியதும், கண்புரை அறுவை மருத்துவத்தில் ஈடுபட்டதும் பலர் அறிந்ததே. அங்கு மருத்துவம் பெற்றவர்களின் கண்களை வண்ணத்தில் வரைந்த குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. 'சாளேசுரம்' தஞ்சை வழி வந்த சொல் என்று நான் ஊகிப்பதற்கு இவையே காரணம். மராத்தி பேசிய அரண்மனை, கண் மருத்துவம், கண்ணாடிக் கல் மூன்றும் ஒரே ஊரில் கூடியிருந்தன.

இந்தத் தேடலுக்கு எனக்கொரு சொந்தக் காரணமும் உண்டு. என் தாத்தா தஞ்சைப் பக்கத்தவர். மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளுள் ஒன்றில் கணக்கெழுதிய அவர், தரையில் சம்மணமிட்டு, சாய்வுப் பெட்டியின் மேல் பேரேட்டை விரித்து, நாள் முழுதும் எண்களோடு வாழ்ந்தவர். கணக்கரின் கண் மங்கினால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் அஞ்சியதை என் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஊருக்குப் போனவர் தஞ்சையில் வல்லத்துக் கல் கண்ணாடி வாங்கி வந்தாராம். அதன் பிறகு இருபது ஆண்டுகள் அதே பெட்டியின் முன் அமர்ந்திருந்தார். என் தந்தை இங்கே படித்ததும், நான் இங்கே பிறந்ததும் அந்த இருபது ஆண்டுகளால்தான்.

அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களைப் பற்றி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாத தையற்காரர், அறுந்த இழையைக் காணாத பட்டு நெசவாளர், பொடி வைத்து ஊதும்போது கை தடுமாறிய பொற்கொல்லர் எனப் பலரும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லோடு ஒதுங்கியிருப்பார்கள். இது பழங்கதை மட்டுமன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அவர்களுள் ஒரு பாதியினருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெறுவோருக்கு இது எவ்வளவு பெரிது! அவர்களுள் பலர் அதுவரை கண்ணாடி அணிந்ததே இல்லை. என்னைப் போல் விளக்கொளியைக் குறை சொல்லக்கூட அவர்களுக்கு வழியில்லை. வேலை செய்வதோ நடுப்பகல் வெயிலில்.

தாத்தாவின் கண்ணாடி இன்று என்னிடம் உள்ளது. பித்தளைச் சட்டம், வட்ட வில்லைகள். அது உண்மையிலேயே கல்தானா என்று அறிய ஆசை. எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் முனைவாக்கத் தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் இருண்டுவிடும். இடையே சாதாரணக் கண்ணாடியை வைத்தாலும் இருள் நீங்காது. படிகத்தை வைத்துத் திருப்பினால் ஒளி புகும். பள்ளி முடிந்த பின் ஆய்வுக்கூடத்தில் இருவரும் அமர்ந்து சோதித்தோம். வலப்பக்க வில்லையை வைத்ததும் மெல்லிய ஒளி பூத்தது. கல்தான்! இடப்பக்க வில்லையை வைத்தோம். எப்படித் திருப்பியும் இருட்டு.

அன்றிரவு அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கு வயது எண்பத்து நான்கு. சற்று நேரம் யோசித்தார்.

"ஆமாம்ப்பா, ஒரு பக்கம் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. சிராங்கூன் ரோட்டுக் கடையில கண்ணாடி போட்டுக் கொடுத்தாங்க. அப்பா கடைசி வரைக்கும் அந்தக் கண்ணுல சூடா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

வாசக நண்பர்கள் எவர் வீட்டிலேனும் வல்லத்துக் கல் கண்ணாடி இருந்தால் எழுதுங்கள். முனைவாக்கத் தகடுகள் என்னிடம் இருக்கின்றன.