மொய் பாக்கியும் ஈஸ்ட் பெங்கால் வாங்கிய தடையும்

வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து சாப்பிட்டவங்களுக்கு இது சட்டுன்னு புரியும் சொந்தங்களே.

வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாம அடுத்த விருந்துக்குப் பத்திரிகை வெச்சா யார் வருவா? ஃபிஃபாவின் சட்டமும் ஏறக்குறைய அதேதான்.

1920-ல் கொல்கத்தாவில் தொடங்கிய கிளப் ஈஸ்ட் பெங்கால். 2018-ல் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது. அந்த வருஷ உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு ஆடிய ஜானி அகோஸ்டாவே ஒப்பந்தமானார்! 2020-ல் குவெஸ் விலகிடுச்சு. அகோஸ்டாவின் சம்பள பாக்கி மட்டும் நின்னுபோச்சு. அவர் ஃபிஃபாவிடம் போனார். 2021-ல், புது வீரர்களைப் பதிவு செய்ய கிளப்புக்குத் தடை.

முதலீட்டாளர்தான் மாறிட்டாரேன்னு கேட்கலாம். கடன் கிளப் பேரில்தானே இருக்கு? பாக்கியை அடைச்ச பிறகுதான் தடை நீங்கியது.

ஐரோப்பாவில் வேற வழி பிடிச்சாங்க. 2023 ஜனவரியில் செல்சி, என்சோ பெர்னாண்டஸை சுமார் 10.7 கோடி பவுண்டுக்கு எட்டரை வருஷ ஒப்பந்தத்தில் வாங்கியது. விலையை ஒப்பந்தக் காலத்துக்குப் பிரிச்சு எழுதலாம் என்பதால், கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 1.25 கோடிதான் செலவு. நாங்க டோஸைப் பிரிச்சு எழுதற மாதிரி. அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு யுஇஎஃப்ஏ அந்த வருஷமே முட்டுக்கட்டை போட்டுச்சு.

ஆனா சம்பளத்தை இப்படிப் பிரிச்சு எழுத வழியில்லை. அகோஸ்டா கேட்டதும் அதைத்தான்.