எந்தக் கப்பலில் ஊருக்குப் போவது?

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வருகையைப் பற்றியே எழுதுகின்றனர். கங்காணி ஆள் சேர்த்த முறையும், காடு அழித்துப் பால்மரம் நட்ட பாடும் ஓரளவு பதிவாகியுள்ளன. ஆனால், வந்தவர்கள் பல ஆண்டு உழைத்து மிச்சம் பிடித்து, மனைவி மக்களோடு பிறந்த ஊருக்குச் சென்று திரும்பிய வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. எந்தக் கப்பலில் போவது, எந்த வகுப்பில் போவது, எந்தத் துறையில் இறங்குவது, யாரை அழைத்துச் செல்வது, யாரை விட்டுச் செல்வது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு கணக்குப் போட்டது. குறைந்த வருவாய்க்குள் போடப்பட்ட அந்தக் கணக்கில் உறவும் அடங்கியிருந்தது. ஆகவே அது வெறும் பயணச் செலவுக் கணக்கன்று.

இரட்டைக் கப்பல்கள்

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின், தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களின் கப்பற்செலவை அந்நிதி ஏற்றது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்யும் வரை இந்நிலை நீடித்தது. வந்தவர்கள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டு, நோயில்லை என்று அறிந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். வருவதற்கு நிதி உதவியது. ஆனால், ஊரைப் பார்த்து வர விரும்பிய குடும்பம் தன் கைப்பொருளைத்தான் செலவிட வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இவ்வழியில் முதன்மை பெற்றிருந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1926ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ரஜுலா, ரோனா என்னும் இரு கப்பல்களை இவ்வழிக்கென்றே கட்டியது. ஒன்று கிளாஸ்கோவிலும் மற்றொன்று நியூகாசிலிலும் உருவாயின. இரண்டும் எட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. ரஜுலா தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. அறைகளில் பயணம் செய்தோரின் தொகையோ மிகச் சிறிது. இக்கப்பல் யாரை எண்ணிக் கட்டப்பட்டது என்பதை இதனின்றே உணரலாம்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பதே இக்கப்பல்களின் வழி. தோட்டப்புறத்து மக்கள் இரண்டு கப்பல்களையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே அமைப்புடையவை. ஆகவே அன்று தேர்வு என்பது பெரும்பாலும் புறப்படும் நாளைப் பொறுத்தே அமைந்தது. ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தோட்டத்தில் விடுப்புக் கிடைக்கும் நாளும் கப்பல் புறப்படும் நாளும் பொருந்தி வந்தாலே பயணம் கைகூடும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் மீது படையெடுத்தபின் இவ்வழி அடைபட்டது. கப்பல்கள் படை வீரர்களை ஏற்றிச் சென்றன. 1943ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், அல்ஜீரியக் கரைக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் செருமானிய வானூர்தி எறிந்த குண்டினால் ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கப் படையினர். ஒரு காலத்தில் தஞ்சைத் தரணியின் உழவர்களைச் சுமந்த கப்பல், அவர்கள் பெயரும் அறியாத கடலில் அமிழ்ந்தது. ரஜுலா தப்பிப் பிழைத்து, போருக்குப்பின் பழைய வழிக்கே திரும்பியது.

தளமா, அறையா?

போருக்குப் பின்னர் மற்றொரு தேர்வும் மக்களுக்குக் கிடைத்தது. 1950ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஈஸ்டர்ன் ஷிப்பிங் கார்ப்பரேஷன், 1961 அக்டோபரில் இந்தியக் கப்பற் கழகத்தோடு இணைந்தது. அதன் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்னும் கப்பலும் இவ்வழியில் ஓடியது. வெள்ளையர் நிறுவனத்தின் பழங்கப்பல் ஒருபுறம்; விடுதலை பெற்ற நாட்டின் கொடி பறக்கும் கப்பல் மறுபுறம். எனினும், ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கொடியைவிடக் கட்டணமே பெரிதாகத் தெரிந்தது.

கப்பலைவிட வகுப்பைத் தேர்வதே கடினமான முடிவாக இருந்தது. அறையில் ஒருவர் செல்லும் பணத்துக்குத் தளத்தில் பலர் செல்லலாம். கணவன் மட்டும் வசதியாகச் சென்று வருவதா, பாய் விரித்துப் படுத்தாலும் எல்லாரும் சேர்ந்து செல்வதா என்னும் கேள்வி எழுந்தது. தோட்டக் குடும்பங்களுள் மிகப் பல இரண்டாவதையே தேர்ந்தன. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே பாட்டி கண்ணை மூடிவிடக் கூடாது என்பதே அவர்கள் கண்ட நியாயம்.

தளப்பயணம் எளிதன்று. கப்பலில் ஏறியவுடன் இடம் பிடிக்க வேண்டும். இயந்திரத்தின் வெப்பம் தாக்காத இடம், கழிப்பறை நாற்றம் எட்டாத இடம், மழைச் சாரல் அடிக்காத இடம் எது என்பதை முன்பு சென்று வந்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. ஆகவே தலைச்சுற்றலுக்கு அஞ்சுவோர் அங்கே பாயை விரித்தனர். எலுமிச்சம்பழமும் நாரத்தங்காய் ஊறுகாயும் மருந்துப் பெட்டியில் முதலிடம் பெற்றன. அம்மை குத்திக்கொண்டதற்கான சான்றிதழை மடித்து இடுப்பில் செருகியிருப்பார்கள். அது இல்லாவிடில் பயணமே இல்லை.

தளத்தை விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1954ஆம் ஆண்டிலேயே ஏர் இந்தியா விமானம் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது. ஆனால், விமானத்தில் தகரப்பெட்டிகளை அடுக்கிக் கொண்டு போக முடியாது. தங்கைக்குச் சேலை, மாமனுக்குக் குடை, பங்காளிகளுக்குக் கைலி, தைலப் புட்டிகள், பால்மாவு டின்கள் என ஊர்ச்சுமை வளர்ந்துகொண்டே போகும். வெறுங்கையோடு போய் இறங்குவதை மானக்குறைவாக எண்ணிய காலம் அது. திரும்பும்போது அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும்கூடப் பெட்டிகளோடு வந்தன. இத்தனையையும் சுமக்கக் கப்பலுக்கே இயலும்.

எந்தத் துறை? எந்த மாதம்?

சென்னையில் இறங்குவதா, நாகப்பட்டினத்தில் இறங்குவதா என்பது அடுத்த கணக்கு. வடஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதியினர்க்குச் சென்னையே அண்மை. தஞ்சை, திருச்சி மாவட்டத்தார்க்கு நாகப்பட்டினத்தில் இறங்கினால் இரயில் செலவு மிச்சம். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்ட முஸ்லிம்களும், வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்ட கத்தோலிக்கரும், சிக்கல் முருகனைத் தொழ விரும்பியோரும் அத்துறையையே நாடினர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோதும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில்தான் இறங்கினார்.

ஆனால், நாகப்பட்டினத்தில் ஒரு தொல்லை உண்டு. அங்குக் கப்பல் அணையும் துறைமேடை கிடையாது. கப்பல் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகுகளில் இறங்கிக் கரை சேர வேண்டும். அலை ஓய்ந்திருந்தால் அது வேடிக்கை. கொந்தளித்தால் உயிர்ப் போராட்டம். கைக்குழந்தையைப் படகிலிருப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் இறங்கிய தாய்மார்களின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பெரும் இக்கட்டில் சிக்கின. மலாயாப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில் வந்தது. அதே நவம்பர், டிசம்பர் திங்களில்தான் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலைக் கலக்குகின்றது. 1952 நவம்பர் இறுதியிலும் 1977 நவம்பரிலும் நாகப்பட்டினத்தைக் கடும்புயல் தாக்கியது வரலாறு. கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் சென்றால் பிள்ளையின் படிப்புக் கெடும். விடுமுறையில் சென்றால் கடலுக்கு அஞ்ச வேண்டும். சிலர் மூத்த பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுச் சென்றனர். சிலர் மாதக்கணக்கில் பள்ளியை மறந்து, எல்லாரையும் அழைத்துச் சென்றனர். திரும்பி வந்த பிள்ளைகள் வகுப்பில் பின்தங்கியதும் உண்டு. எனினும் அவர்கள் நெற்கதிரையும் ஏற்றத்தையும், தம் குலதெய்வக் கோயிலையும் கண்ணால் கண்டு வந்தனர். இவ்விரண்டில் எது பெரிது என்று எளிதில் தீர்ப்புக் கூற இயலாது.

சட்டம் குறுக்கிட்டபோது

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இக்கணக்கை மேலும் சிக்கலாக்கியது. குடியுரிமை பெறாதவர் ஊருக்குப் போனால் திரும்பி வருவதற்கான அனுமதியைக் கையோடு கொண்டு போக வேண்டும். அதன் காலக்கெடுவுக்குள் திரும்பவும் வேண்டும். ஊரில் ஒரு சாவோ நோயோ நேர்ந்து கப்பலைத் தவறவிட்டால், பிழைப்பே தவறிப்போகும் அச்சம் உண்டாயிற்று. புறப்படும் கப்பலோடு திரும்பும் கப்பலையும் முன்கூட்டியே எண்ண வேண்டிய காலம் அது.

1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, அதே தளத்தில் வேறு வகையான குடும்பங்களும் ஏறின. அவர்கள் விடுமுறைக்குப் போகவில்லை. பல்லாண்டு பால்மரம் வெட்டிய கைகளோடு, திரும்பி வரும் சீட்டு இல்லாமல் போனார்கள். மலாயாவில் பிறந்து, தமிழ்நாட்டைப் பார்த்தே அறியாத பிள்ளைகளும் அவர்களோடு சென்றனர். விடுமுறைக்குச் செல்வோரும் நிரந்தரமாகச் செல்வோரும் ஒரே கப்பலில் அருகருகே பாய் விரித்துப் படுத்த காட்சி நம் வரலாற்றின் துயரம் மிக்க பக்கங்களுள் ஒன்று.

கடைசிக் கப்பல்

1973ஆம் ஆண்டில் ரஜுலா இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டு, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ‘ரங்கத்’ ஆயிற்று. மறு ஆண்டே பம்பாயில் அது உடைக்கப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்த கப்பல் அது.

அதன் இடத்தை நிரப்ப வந்தது சிதம்பரம். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்காக 1966இல் ‘பஸ்தேர்’ என்னும் பெயருடன் கடலுக்கு வந்த கப்பலை இந்தியக் கப்பற் கழகம் வாங்கி இப்பெயர் சூட்டியது. தளப் பயணிகளின் பாதுகாப்புக்கும் இடவசதிக்கும் 1971, 1973ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் புதிய உடன்பாடுகளைச் செய்துகொண்ட காலம் அது. திறந்த தளத்தில் பாய் விரிக்கும் முறை மறைந்து, சிதம்பரத்தில் அடுக்குக் கட்டில்கள் வந்தன. வசதி கூடியது; விரைவும் கூடியது. சாதாரணக் குடும்பம் ஒன்றாகச் செல்லும் வாய்ப்பும் தொடர்ந்தது.

1985 பிப்ரவரியில் பயணத்தின்போது சிதம்பரத்தில் தீப்பற்றிப் பல உயிர்கள் பலியாயின. அக்கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. அதனோடு இவ்வழியின் கப்பற்போக்குவரத்தும் முடிவுற்றது. விமானம் இருந்தது, ஆனால் குடும்பம் முழுவதற்கும் விமானச் சீட்டு வாங்கும் வசதி தோட்டத் தொழிலாளர் பலர்க்கு இல்லை. தந்தை மட்டும் போனார். அல்லது சாவுச் செய்திக்கு மூத்த மகன் மட்டும் போனான். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மலிவுக் கட்டண விமானங்கள் திருச்சிக்குப் பறக்கத் தொடங்கும் வரை, ஒரு தலைமுறையின் பிள்ளைகளுள் பலர் தாத்தாவின் ஊரைக் கடித உறையின் முகவரியாக மட்டுமே அறிந்தனர். உறவுகள் தேய்ந்ததற்குப் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்றைய தேர்வு

1993ஆம் ஆண்டில் ஸ்டார் குரூசஸ் நிறுவனம் தோன்றிய பின், உல்லாசக் கப்பற்பயணம் இவ்வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. இன்று பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் மீண்டும் கப்பல்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. சன்னல் இல்லாத உள்ளறையா, கடல் தெரியும் அறையா? உணவு கட்டணத்தில் அடங்குமா? பள்ளி விடுமுறையில் விலை எவ்வளவு ஏறும்? கேள்விகள் ஏறக்குறைய பழையனவே. நான்கு பேருக்கு ஓர் அறை எடுத்தால் செலவு குறையும் என்று கணக்கிடும் தாய்க்கும், தளத்தில் பாய் விரித்தால் எல்லாரும் போகலாம் என்று கணக்கிட்ட பாட்டிக்கும் சிக்கனம் ஒன்றே. பாட்டி சென்ற கப்பலின் மறுகரையில் ஓர் ஊரே காத்திருந்தது. இன்றைய கப்பலோ ஏறிய துறைக்கே திரும்புகிறது. இதைக் குறையாகக் கூறுதல் தகாது. உழைத்த சமுதாயம் ஓய்வுக்காகப் பயணம் செய்யும் நிலைக்கு உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. ரஜுலாவிலும் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸிலும் சிறு பிள்ளைகளாகச் சென்றவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். பல வீடுகளில் அந்தத் தகரப்பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றது. அதனுள் பழைய பயணச்சீட்டும் அம்மைச் சான்றிதழும் இருக்கக்கூடும். நம் பள்ளிகளில் வரலாறு பயிலும் மாணவர்கள் அவற்றைத் தேடி எடுக்கட்டும். தாத்தா பாட்டியை அமரவைத்து, எந்தக் கப்பலில் சென்றீர்கள், யாரை விட்டுச் சென்றீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். அந்த விடைகளைத் தரக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.