மருந்து அடித்தால் தலை சுற்றுவது ஏன்? நரம்பு முனையில் இரண்டு நொதிகள்

“மருந்து அடிச்சிட்டு வந்தேன், தலை சுத்துது, கண்ணு மங்கலா இருக்கு.”

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பாட்டியோ அம்மாவோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்போம். ‘வெயில்தான்’ என்று விட்டுவிடுவோம். ஆனால், காரணம் நரம்பு முனையிலும் இருக்கலாம்.

ஒன்று உருவாக்கும், ஒன்று உடைக்கும்

நரம்புகள் தசைக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். மூளையில் நினைவாற்றலுக்கும் இது தேவை. நரம்பு இரசாயனம் மூலம் பேசுகிறது என்பதை 1921-இல் தவளை இதயத்தை வைத்து நிரூபித்தவர் ஓட்டோ லோவி. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முட்டை, சோயா போன்ற உணவில் கிடைக்கும் கோலினை, அசிட்டைல் கோ-ஏ என்ற பொருளுடன் நரம்பு முனையில் இணைப்பது கோலின் அசிட்டைல்டிரான்ஸ்பெரேஸ் என்ற நொதி, அதாவது என்சைம். அசிட்டைல்கோலின் உருவாவது இப்படித்தான். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே உடைப்பது அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ். மிஞ்சும் கோலினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சி, மீண்டும் பயன்படுத்தும்.

மருந்து எங்கே குறுக்கிடுகிறது?

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இரண்டாவது நொதியை முடக்குகின்றன. உடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் குவிகிறது. நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. அதனால்தான் வியர்வை, எச்சில், வாந்தி, தசைத்துடிப்பு, சுருங்கிய கண்பாவை. முற்றினால் மூச்சே நின்றுவிடும்.

எல்லா மருந்தும் இப்படி அல்ல. களைக்கொல்லியான பாராகுவாட் முக்கியமாக நுரையீரலைத் தாக்கும். மலேசியாவில் 2020 முதல் அதற்குத் தடை. ஆர்கனோபாஸ்பேட் வகையான குளோர்பைரிபோசுக்கு 2023 மே 1 முதல் தடை.

என்ன செய்யலாம்?

இந்த நொதியின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். வேலையில் சேரும் முன்பே ஒருமுறை எடுத்து வைத்தால், பின்னால் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

அறிகுறி தெரிந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவின் லேபலை மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்: என்ன மருந்து என்று தெரிந்தால், அட்ரோபின் போன்ற மாற்று மருந்து தேவையா என்று முடிவு செய்ய அவருக்கு உதவும். பாட்டிக்கு லேபல் படிக்க வராது என்றால், நீங்கள் படித்துச் சொல்லுங்க.