தாழ்வெப்பநிலையில் கரைப்பான் கலவைகள்

நீர்ம வண்ணப்பிரிகையில் பொருள்களைச் சுமந்து செல்லும் நகரும் நிலைமை பெரும்பாலும் நீரும் ஒரு கரிமக் கரைப்பானும் சேர்ந்த கலவை. அறை வெப்பநிலையில் அடக்கமாக இருக்கும் இக்கலவைகள் குளிரில் குணம் மாறுகின்றன. சில கெட்டிப்படும், சிலவற்றில் உப்பு படியும், ஒன்றிரண்டு பிரிந்தே போகும்.

தாவரவியலாளர் மிகயில் த்சுவெட்டுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. இலை நிறமிகளைக் கால்சியம் கார்பனேட்டுத் தூள் அடைத்த குழாயில் பிரித்ததை விவரித்து 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளில், கரைப்பானாக வருவது கார்பன் டைசல்பைடு. அதில் நீர் கலக்கவில்லை. 1970களில் தலைகீழ் நிலைமை முறை பரவி, நீரே கலவையின் பாதியானபோதுதான் குளிர் ஒரு கேள்வியாயிற்று.

அந்த முறையின் செல்லப்பிள்ளை அசிட்டோநைட்ரைல். தனியாக எடுத்தால் இது −45 °C அருகில்தான் உறையும். நீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும் என்றே பாடநூல்கள் சொல்கின்றன. அறை வெப்பநிலைக்கு அது சரி. ஆனால் ஏறத்தாழ −1 °Cக்குக் கீழே போனால் இடைப்பட்ட விகிதக் கலவைகள் இரண்டு அடுக்குகளாகப் பிரிகின்றன. அசிட்டோநைட்ரைல் மிகுந்த இலேசான அடுக்கு மேலே, நீர் மிகுந்தது கீழே. பிரிவு முதலில் தொடங்கும் விகிதம், கன அளவில் அசிட்டோநைட்ரைல் 64 விழுக்காடு அளவில் உள்ள கலவை. ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் விகிதம்தான் அது!

காரணம் மூலக்கூறுகளின் உறவில் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் தமக்குள் ஐதரசன் பிணைப்பால் கோத்துக்கொள்கின்றன. அசிட்டோநைட்ரைல் மூலக்கூறுகளும் தம்மினத்தையே நாடுகின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கலவைக்குள்ளேயே இருவகைத் திட்டுகள் உண்டு. வெப்ப அசைவு குறையும்போது திட்டுகள் திரண்டு அடுக்காகின்றன. இரண்டையும் கலக்கும்போது புட்டி சில்லென்று ஆவதும், வெப்பத்தை உள்வாங்கித்தான் இவை சேர்கின்றன என்பதைக் காட்டும். மெத்தனாலும் நீரும் கலக்கும்போது மாறாகச் சூடு பிறக்கிறது. அந்தக் கலவை குளிரில் பிரிவதில்லை.

உப்போ சர்க்கரையோ சேர்ந்தால் பிரியும் வெப்பநிலை மேலேறும். போதிய அளவு கரைந்திருந்தால் குளிர்பதனப் பெட்டி வேண்டாம், அறையிலேயே அடுக்குப் பிரியும். சர்க்கரையால் நிகழும் பிரிவு 2008இல் ஒரு பிரித்தெடுப்பு முறையாகவே முன்வைக்கப்பட்டது. குழாய்க்குள் இதுவே நேர்ந்தால் கலவை விகிதம் நிலைகொள்ளாது. பிரிகையைப் பதியும் வரைபடத்தில் அடிக்கோடு நடுங்கும், முகடுகள் இடம் மாறும்.

மெத்தனாலின் குறை பாகுத்தன்மை. தனி நீருக்கு 25 °Cஇல் 0.89 மில்லிபாஸ்கல்-நொடி, தனி மெத்தனாலுக்கு 0.54, இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாகச் சேர்ந்தாலோ 1.6 அளவுக்கு உயர்கிறது. குளிர்ந்தால் இன்னும் ஏறும், பம்பின் அழுத்தமும் கூடவே ஏறும். பாய்வைக் குறைத்தால் தீரும் சிக்கல் இது. பிரிந்த கலவைக்கு அத்தகைய எளிய மருந்து கிடையாது என்பதால் குளிருக்கு உகந்தது மெத்தனாலே.

அயனி இணைப்புக்குச் சேர்க்கும் சோடியம் டோடெசைல் சல்பேட்டு குளிர்ந்த அறையில் வெண்படிகமாகப் படியும். அதைப் பொட்டாசியம் தாங்கல் கரைசலோடு சேர்த்தால் அறை வெப்பநிலையிலும் படியும்.

இவ்வளவு தொல்லைக்கும் குளிரைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. புரோலின் கொண்ட சிறு பெப்டைடுகளின் இரு வடிவங்கள் அறை வெப்பநிலையில் ஒன்றாக மாறிமாறிக் குழம்பும். குளிரில் மாற்றம் மந்தமாகித் தனித்தனி முகடுகளாகத் தெரியும். புரதங்களில் ஐதரசனுக்குப் பதில் டியூட்டிரியத்தை ஏற்றி ஆராய்வோர், ஏற்றியது மீண்டும் வெளியேறாமலிருக்க பி.எச். 2.5, 0 °C என்ற நிலையில் சில நிமிடங்களில் பிரிகையை முடிக்கிறார்கள். இப்போது −20 °C வாக்கிலும் பிரிகை செய்கிறார்கள். உறையாமலிருக்க நீர்ப்பக்கக் கரைசலிலும் மெத்தனாலோ எத்திலீன் கிளைக்காலோ சேர்க்கப்படுகிறது.